பள்ளிப்பையில் தைத்த சிவப்பு அட்டை

சின்னவளே, உன் பள்ளிப்பையின் உள்துணிக்கு அடியில் அம்மா ஒரு சிவப்பு அட்டையை வைத்துத் தைத்திருக்கிறாள். பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை. பை பழசாகிப் புதுசு வாங்கும்போதெல்லாம் தையலைப் பிரித்து, அட்டையை எடுத்து, புதுப்பையில் வைத்துத் தைத்துவிடுவாள். மூன்று வருசமாக இது நடக்கிறது. போன வாரம் தையல் விட்டு அது வகுப்பில் கீழே விழுந்துவிட்டது. உன் கூட்டாளிகள் எடுத்துப் படித்திருக்கிறார்கள். "ஏய், ஒன்ன கொரங்கு கடிச்சிருச்சாடி?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். நீ வீட்டுக்கு வந்து பையை வீசி எறிந்துவிட்டு, "என்ன எந்தக் கொரங்கும் கடிக்கலையேப்பா, பின்ன ஏன் இப்படி எழுதியிருக்கு?" என்று அழுதாய்.

அண்ணன் அட்டையை எடுத்து வாய்விட்டுப் படித்தான். ஒரு பக்கம் ஆங்கிலம், ஒரு பக்கம் மலாய். இந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல், கடுமையான தலைவலி, கை கால் மரத்துப்போவது, தோலில் கொப்புளம், இதில் எது வந்தாலும் உடனே குரங்கு வைரஸ் சோதனை செய்யுங்கள் என்று இருக்கிறது. படித்து முடித்துவிட்டு அவன் மேசையில் கிடந்த என் பர்ஸைப் பார்த்தான். அதிலும் அதே மாதிரி ஒன்று இருப்பதை அவன் எப்போதோ பார்த்திருக்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது.

கடித்தது உன்னை இல்லை, என்னை. அதிலிருந்து உனக்கு எப்படி ஓர் அட்டை வந்தது என்பதை வாயால் சொல்ல இரண்டு தடவை உட்கார்ந்தேன். வேறு கதை பேசிவிட்டு எழுந்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப்பிழை இருந்தால் அண்ணன் திருத்தட்டும். நடந்ததை மட்டும் யாரும் திருத்த வேண்டாம்.

நான் பதினாறு வருசம் செம்பனைத் தோட்டத்தில், எண்ணெய் எடுக்கிற பழக்குலை வெட்டினவன். அது உங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து நின்று மட்டையை இழுத்து வெட்ட வேண்டும். மட்டை முழுக்க முள். குலையிலும் முள். ஒரு நாளில் எத்தனை குத்தும் என்று எவனும் எண்ணியதில்லை. குத்தினால் எல்லாரும் ஒரே வேலையைத்தான் செய்வோம். விரலை வாயில் வைத்து உறிஞ்சித் துப்பிவிட்டு அடுத்த மரத்துக்குப் போவோம். முள் குத்தியது என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் போய் நின்றால் அவர் மற்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "அய்யோ பாவம், வீட்டுக்குப் போயி தொட்டில்ல படுத்துக்கப்பா" என்பார். அன்றைக்கு முழுக்க அவன்தான் எல்லாருக்கும் சிரிப்பு. அப்படி ஒருத்தனைப் பார்த்து நானும் சிரித்திருக்கிறேன்.

வலது தோள் போன பிறகுதான் விலங்குக் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கோலசிலாங்கூரிலிருந்து உள்ளே பிரியும் தோட்டத்துப் பாதையின் கடைசியில், முன்பு தோட்டத்துக் கணக்குப் பார்த்த கிராணி குடியிருந்த வீடு. அதன் பின்பக்கம் கூண்டுகள். சுற்றிலும் செம்பனை. பகலிலேயே வெளிச்சம் பச்சையாகத்தான் விழும். வீட்டில் அடைத்து வளர்த்த தேவாங்கு, கண்ணியில் கால் போன புனுகுப்பூனை, மீன்குட்டைக்காரர்கள் பிடித்துக் கொடுத்த நீர்நாய், காரில் அடிபட்ட எறும்புத்தின்னி எல்லாம் அங்கே வரும். தேறியதும் காட்டில் கொண்டுபோய் விடுவோம்.

விடுவதற்கு முன்னால் சோதனை. மிருக டாக்டர் நம் ஊர்ப்பக்கத்துத் தமிழ்ப் பெண்தான், வயதில் எனக்கு ரொம்ப இளையவர். முதல் நாளே சொன்னார்: "அண்ணே, காட்டுக்கு விடறதுன்னா கதவத் தொறந்து விடறது மட்டும் இல்ல. அது கூட வேற என்னென்ன போகுதுன்னு பாக்கணும். நம்ம நோவு அதுக்கு ஒட்டியிருக்கும், அது போயி காட்டுல இருக்கறதுங்களக் கொன்னுரும். அதோட நோவு நமக்கு ஒட்டுனா நம்மளக் கொன்னுரும். ரெண்டு பக்கமும் கேட் போடறதுதான் நம்ம வேலை."

விலங்கை மயக்கிப் படுக்கவைத்து, நுனியில் பஞ்சு வைத்த குச்சியை அதன் வாய்க்குள் விட்டுத் துடைப்பார். பின்பக்கம் ஒரு குச்சி. தொடையில் ரத்தம். குச்சிகளை ரோஸ் நிறத் தண்ணீர் இருக்கும் சின்னக் குழாயில் போட்டு மூடி ஐஸ் பெட்டியில் வைப்போம். செவ்வாய்க்கிழமை லேப் வேன் வந்து எடுத்துப் போகும். எல்லாருக்கும் முகமூடி, கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு இரண்டு கையுறை, ஒன்றின் மேல் ஒன்று. சுவரில் தண்ணீர்க்குழாய்க்கு மேலே ஒரு கடிகாரமும் ஒரு தாளும் இருக்கும். கீறினாலோ கடித்தாலோ சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும், உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அந்தத் தாளைத் தமிழில் எழுதி ஒட்டியதே நான்தான்.

என்னோடு இன்னொருவர் அங்கே வேலை செய்தார். நம் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். நான் மாமா என்று கூப்பிடுவேன். ஒரு தடவை புனுகுப்பூனை அவர் முழங்கையில் லேசாகக் கீறிவிட்டது. மனிதர் தாளில் எழுதியிருந்தபடியே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் கழுவினார். டாக்டர் அவரைத் தன் காடியில் ஏற்றி கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். ஒரு மாதம் நான் அவரைக் கேலி செய்யாமல் விடவில்லை.

"மாமா, பூனக்குட்டி தடவுனதுக்கு ஆம்புலன்ஸ் வந்துச்சாமே? தோட்டத்துல குலை வெட்டியிருந்தீங்கன்னா தெனம் ஒரு ஆம்புலன்ஸ் வேணும்லா!"

"சிரி மாப்ளே, நல்லா சிரி. ஒனக்கு ஒரு நாள் வரும். அன்னிக்கு நான் மாலையோட வரேன்."

"கல்யாண மாலையா மாமா?"

"அது ஒன் முழியப் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணுவேன்" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். நான் சத்தமாகச் சிரித்தேன்.

அந்தக் குரங்கு பாசிர் பெனம்பாங் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்னால் சங்கிலியில் கிடந்தது. நீளவால் குரங்கு, ஆண். குட்டியாக இருக்கும்போதே இடுப்பில் சங்கிலி கட்டியிருக்கிறார்கள். அது வளர்ந்தது, சங்கிலி வளரவில்லை. இடுப்பைச் சுற்றி முடியே இல்லாத ஒரு வளையம் இருந்தது. அங்கே வருகிறவர்களுக்கு வேடிக்கை காட்ட சலாம் போடப் பழக்கியிருக்கிறார்கள். ஆளைக் கண்டால் வலது கையை நெற்றிக்குக் கொண்டுபோகும். சலாம் போட்டால் இனிப்பான சீராப்புத் தண்ணீர் கிடைக்கும். காப்பகத்துக்கு வந்த பிறகும் விடவில்லை. காலையில் நான் ஆறாம் கூண்டுப் பக்கம் போனால் எழுந்து நின்று சலாம் போடும். நானும் சிரித்துக்கொண்டு பதில் சலாம் போடுவேன். உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் சோற்றுத்தட்டின் முன்னால் உட்கார்ந்து எனக்கு சலாம் போட்டது ஞாபகம் இருக்கிறதா?

அதற்கு ஒரு நோயும் தெரியவில்லை. கண் தெளிவு, முடி பளபளப்பு, நல்ல தீனி. இன்னும் ஐந்து குரங்குகளோடு சேர்த்து மலைப்பக்கத்துக் காட்டில் விடுவதாக இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் அதற்குச் சோதனை.

எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. டாக்டர் குச்சிகளை எடுத்து முடித்து, குழாய்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மாமா வாளியை அலசப் போனார். மயக்கம் தெளியும்வரை பக்கத்தில் இருப்பது என் வேலை. நாக்கு தொண்டைக்குள் விழாமல் தலையைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டிருந்தேன். அது கண்ணைத் திறந்தது. என்னைப் பார்த்தது. அதன் வலது கை மெதுவாக மேலே வந்தது. பாதி மயக்கத்தில் சலாம் போடுகிறது என்று நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பில் என் பிடி தளர்ந்துவிட்டது. தலை திரும்பியது. வாய் என் விரலின் மேல் மூடியது. நான் விரலை இழுத்துக்கொண்டேன். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான்.

அதைக் கூண்டில் விட்டுப் பூட்டிவிட்டுக் கையுறைகளைக் கழற்றினேன். மேல் உறையிலும் உள் உறையிலும் ஒரே இடத்தில் ஊசி துளைத்த மாதிரி ஓட்டை. வலது கை ஆட்காட்டி விரலில், நகத்துக்குப் பக்கத்தில், கடுகளவு ரத்தம்.

முகமூடியைக் கீழே தள்ளி, விரலை வாயில் வைத்து உறிஞ்சி வாய்க்காலில் துப்பினேன்.

அதை நான் யோசித்துச் செய்யவில்லை, பிள்ளைகளே. பதினாறு வருசம் கையும் வாயும் பழகிய வேலை. துப்பிய பிறகுதான் நிமிர்ந்தேன். எதிரில் நான் எழுதி ஒட்டிய தாள். அதற்கு மேலே கடிகாரம்.

அப்போதாவது கழுவியிருக்கலாம். குழாயைத் திறந்தேன். மாமா வாளியோடு அந்தப் பக்கம் வந்தார். "என்ன மாப்ளே, கடிகாரத்தப் பாத்துக் கழுவுற?" என்று கேட்டார். சும்மாதான் கேட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் குழாயை மூடினேன். "ஒண்ணும் இல்ல மாமா, சோப்பு வழுக்குது" என்றேன்.

என் உயிரைவிட, அவர் சிரிப்பாரே என்பதுதான் அந்த நேரத்தில் எனக்குப் பெரிதாக இருந்தது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை.

அன்று சாயங்காலம் நான் வந்து மோட்டாரை நிறுத்துவதற்குள் நீ ஓடிவந்தாய் சின்னவளே. உனக்கு அப்போது ஏழு வயது. முன்பல் ஒன்று நூலில் தொங்குகிற மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. அண்ணன் கதவில் கட்டி இழுக்கிறேன் என்று பயங்காட்டியிருக்கிறான். "அப்பா நீங்க புடுங்குங்க, நீங்கதான் வலிக்காம புடுங்குவீங்க" என்று வாயைத் திறந்து நின்றாய்.

நான் குளித்திருக்கவில்லை. விரலை மறந்தேபோயிருந்தேன். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் உள்ளே விட்டு, "அங்க பாரு, மயிலு" என்று சொல்லி ஒரு திருகு திருகினேன். பல் வந்துவிட்டது. உன் ஈறிலிருந்து ரத்தம் என் விரலில் வழிந்தது. அப்போதுதான் விரல் சுரீர் என்று எரிந்தது. உன் எச்சில் பட்டு எரிந்தது.

நீ பல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கூரையில் எறிய ஓடினாய். நான் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காலையில் மூடியிருந்த அந்தக் கடுகளவு புண் திறந்திருந்தது. அதில் இருந்தது என் ரத்தமா உன் ரத்தமா என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா உள்ளேயிருந்து, "ஏங்க, பசியாற வைக்கவா, அங்கயே நின்னுட்டு என்ன பண்றீங்க?" என்று கூப்பிட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். ஒரே நாளில் இரண்டாவது தடவை அந்த வார்த்தை.

செவ்வாய்க்கிழமை லேப் வேன் வந்து ஐஸ் பெட்டியை எடுத்துப்போனது. யாரையாவது கடித்திருந்தால் அந்தக் குழாயில் அவசரம் என்று ஒட்ட வேண்டும், இரண்டே நாளில் பதில் வரும். ஒட்டவில்லையென்றால் மற்றதோடு சேர்ந்து வரிசையில் நிற்கும். டாக்டர் என் முன்னாலேயே பெட்டியை மூடினார். "எல்லாம் சாதாரணம்தானே அண்ணே?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன்.

அன்று முழுக்க நான் அந்தக் குரங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். தின்றது, ஊஞ்சலாடியது, சலாம் போட்டது. நோயுள்ளது இப்படி இருக்குமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பேச்சோடு பேச்சாக டாக்டரிடம், "குரங்குகிட்ட எத டாக்டர் ரொம்ப பயப்படணும்?" என்றேன்.

"ஒண்ணு இருக்கு அண்ணே. பேரே ஒரே எழுத்துதான், பி. இந்த ஜாதிக் கொரங்குக்கு அது ஒண்ணுமே பண்ணாது. வாயில வச்சிக்கிட்டு நூறு வயசு வரைக்கும் இருக்கும். நமக்கு வந்தா நரம்பு வழியா ஏறும். மூளை வரைக்கும் போகும். ரொம்ப ரொம்ப அரிதுதான், ஆனா வந்தா வெளயாட்டு இல்ல. மொதல்ல சும்மா காய்ச்சல் மாதிரி இருக்கும், புண்ணு பக்கத்துல சின்னச் சின்னக் கொப்புளம்." அதற்குப் பிறகு சிரித்தபடி, "ஏன், பயமா?" என்றார்.

"சேச்சே" என்றேன்.

புதன்கிழமை மத்தியானம் அம்மா போன் பண்ணினாள். பள்ளிக்கூடத்திலிருந்து உன்னை அழைத்துப் போகச் சொன்னார்களாம். காய்ச்சல்.

நான் வீட்டுக்குப் போனபோது வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. முன்னறையில் வெள்ளைத் துணி விரித்து, வேப்பிலை பரப்பி, அதன்மேல் உன்னைப் படுக்கவைத்திருந்தாள் அம்மா. கிண்ணத்தில் மஞ்சள் தண்ணீர். சாமி படத்துக்கு முன்னால் விளக்கு. அடுப்பில் தாளிப்பு இல்லை. உன் முகம் சிவந்து கண் பாதி மூடியிருந்தது.

"சத்தம் போடாதீங்க" என்றாள் அம்மா. "ஆத்தா வந்திருக்கா. வாயோரத்துல முத்து போட்டிருக்கா பாருங்க."

குனிந்து பார்த்தேன். கீழுதட்டின் ஓரத்தில், நான் பல் பிடுங்கிய பக்கத்தில், மூன்று சின்னக் கொப்புளங்கள். தண்ணீர் கோத்திருந்தது.

பிள்ளைகளே, நம் வீட்டில் காய்ச்சலோடு கொப்புளம் வந்தால் என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது, வெளியே தூக்கிப் போவது கிடையாது. தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளை ஆத்தாவுடையது. சின்ன வயசில் எனக்கும், பிறகு அண்ணனுக்கும் அம்மை போட்டபோது அப்படித்தான் இருந்தோம். பிழைத்தோம். அம்மா செய்ததில் ஒரு தப்பும் இல்லை. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கு மேல் தெரிந்தவன் நான் ஒருவன்தான், நான்தான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றேன்.

"என்ன பேசுறீங்க? ஆத்தா ஒடம்புல இருக்கறப்போ ஊசி போட்டா உள்ள தள்ளிரும். அப்பறம் புள்ள நமக்கு மிஞ்சாது. ரெண்டு நாளு பொறுங்க."

"ரெண்டு நாளு பொறுக்க முடியாதுமா."

"ஏன் முடியாது? எல்லாப் புள்ளைக்கும் வரதுதானே? நீங்க ஏன் இப்படி வேர்த்துப்போயி நிக்கிறீங்க?"

சொன்னேன். திங்கட்கிழமை காலை, கையுறை, விரல், வாயில் வைத்து உறிஞ்சியது, சாயங்காலம் உன் பல். எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். அண்ணன் அப்போது டியூஷனில் இருந்தான், அதனால் அவனுக்குத் தெரியாது.

அம்மா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "வெரல நீட்டுங்க" என்றாள். நீட்டினேன். என் விரலைத் தொடாமல் பார்த்தாள். அப்புறம் உன் வாயைப் பார்த்தாள். மறுபடி என் விரல். பிறகு விளக்கை அணைக்காமல் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, உன் மேல் ஒட்டியிருந்த வேப்பிலையை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள். உன்னைத் துணியோடு சுருட்டித் தூக்கிக்கொண்டு, "காடியை எடுங்க" என்றாள். நான் உன்னை வாங்க வந்தபோது, "நீங்க தொடாதீங்க" என்றாள்.

டாக்டருக்குப் போன் போட்டுக்கொண்டே ஓட்டினேன். நடந்ததைச் சொன்னேன். "எத்தன நாளாச்சு? மூணா? அண்ணே... மூணு நாளா?" அதற்குமேல் திட்டவில்லை. "நேரா எமர்ஜென்சிக்குப் போங்க. நான் லேபுக்குச் சொல்லி அந்தக் குழாய மொதல்ல எடுக்கச் சொல்றேன். ஆஸ்பத்திரியில யாரு பாத்தாலும் போன அவங்ககிட்ட கொடுங்க, நான் பேசறேன்."

அங்கே பார்த்த டாக்டர் இளைஞர். இப்படி ஒன்றை அவர் பார்த்ததே இல்லை. நம் டாக்டர் போனில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். உன் கொப்புளத்தில் ஒரு குச்சியை வைத்துத் துடைத்தார். நான் தினமும் பார்க்கிற அதே குச்சி. அதே ரோஸ் நிறத் தண்ணீர். குழாயில் உன் பெயரை ஒட்டினார்கள். அந்தக் குழாய்களில் அதுவரை கூண்டு எண்ணைத்தான் பார்த்திருக்கிறேன்.

உனக்கும் எனக்கும் ரத்தம் எடுத்து, அப்போதே மாத்திரை தொடங்கினார்கள். உன்னை வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். அம்மா உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். நான் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கண்ணாடி வழியாக நீ என்னைப் பார்த்தாய். உனக்கு வாய் வலித்திருக்கும், பேச முடியவில்லை. வலது கையை மெதுவாக நெற்றிக்குக் கொண்டுபோய் சலாம் போட்டாய்.

என்னைச் சிரிக்கவைக்கத்தான் அப்படிச் செய்தாய். எனக்கு அந்தக் கை மேலே வந்த விதம் தாங்கவில்லை. எழுந்து வெளியே போய்விட்டேன். அப்பா ஏன் அன்றைக்குப் பதில் சலாம் போடவில்லை என்று நீ ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தாய்.

மறுநாள் காலை நர்ஸ் உன் கையைத் திருப்பிப் பார்த்து டாக்டரைக் கூப்பிட்டார். இரண்டு உள்ளங்கையிலும் பாதத்திலும் சிவப்புப் புள்ளிகள். அந்த வாரம் உன் பள்ளியில் நாலைந்து பிள்ளைகளுக்கு இருந்ததாம். கை கால் வாய்ப் புண் நோய், சின்னப் பிள்ளைகளுக்கு வருவது, தானாகவே போய்விடும். அம்மா உன் உள்ளங்கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். சாயங்காலம் கொப்புளக் குச்சியின் பதிலும் வந்தது. அதில் அந்த ஒற்றை எழுத்து இல்லை.

வெள்ளிக்கிழமை குரங்கின் பதில் வந்தது. ரத்தத்திலும் இருந்தது, வாய்க்குச்சியிலும் இருந்தது.

டாக்டர் என்னை உட்காரவைத்துச் சொன்னார். "அண்ணே, பாப்பாவுக்கு வந்த காய்ச்சல் வேற, அது முடிஞ்சிபோச்சு. ஆனா திங்கக்கெழம நடந்தது நடந்ததுதான். ஒங்க வெரலுக்கு வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். ஒங்ககிட்ட இருந்து பாப்பாவுக்குப் போறதுக்கு சான்ஸ் ரொம்ப ரொம்பக் கம்மி. ஆனா இல்லவே இல்லன்னு என்னால எழுதிக் கொடுக்க முடியாது."

"எப்ப டாக்டர் இல்லன்னு சொல்ல முடியும்?"

அவர் மேசையில் இருந்த பேனாவை மூடித் திறந்தார். "இந்த மாதிரி வைரஸ் சிலது நரம்புக்குள்ள போயி தூங்கும். ஒரு மாசம் தாண்டிட்டா பெரிய கண்டம் தாண்டுன மாதிரி. அப்பறம் கவனமா இருங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்." உனக்கும் எனக்கும் அந்தச் சிவப்பு அட்டையை எழுதிக் கொடுத்ததும் அவர்தான்.

பதினான்கு நாள் மாத்திரை. ஆறு வாரத்துக்குள் இன்னும் இரண்டு தடவை ரத்தம். எல்லாவற்றிலும் ஒன்றும் இல்லை என்றே வந்தது. அந்த நாட்களில்தான் நான் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஸ்டோரில் படுத்தேன். தனித் தட்டு, தனிக் கோப்பை, தனித் துண்டு. பாத்திரம் மட்டும் தனியாக இருந்தால் போதும் என்றுதான் டாக்டர் சொன்னார். ஸ்டோருக்குப் போனது நானாக. அப்பாவுக்கு வேலையில் ஒவ்வாமை என்று உங்களிடம் சொல்லச் சொன்னதும் நான்தான். அம்மா அந்த மாதம் என்னோடு பேசவில்லை. சோற்றை வாசற்படியில் வைத்துவிட்டுத் தட்டுவாள். வேப்பிலையை எடுக்கவைத்துவிட்டேனே என்று கோபம் இல்லை அவளுக்கு. மூன்று நாள் அவளிடம் ஒன்றும் இல்லை என்று சொன்னேனே, அதற்குத்தான்.

வேலையை விட்டு எடுக்கவில்லை. இப்போதெல்லாம் சோதனை முடிந்ததும் டாக்டர் கையுறையில் தண்ணீர் ஊற்றி ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம் நானும் மாமாவும் பள்ளிக்கூடத்தில் நகம் காட்டுகிற மாதிரி விளக்கின் கீழே கையை விரித்துக் காட்ட வேண்டும். நான் மறுபடி வேலைக்குப் போன முதல் நாள் மாமா என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டே போனேன். மாலை, ஆம்புலன்ஸ், எதுவும் அவர் வாயில் வரவில்லை. என் பங்கு வாளியையும் அவரே எடுத்துக்கொண்டு போனார். அவர் ஒரு தடவை கேலி செய்திருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

அந்தக் குரங்கு இன்னும் ஆறாம் கூண்டில்தான் இருக்கிறது. மற்ற ஐந்தையும் திரும்பச் சோதித்து, நாள் தள்ளிக் காட்டில் விட்டோம். இதை விடவில்லை. காட்டில் இருக்கும் குரங்குகளுக்கும் அந்த நோவு இருக்கலாம், அவற்றால் தொல்லை இல்லை, அவை ஆளைக் கண்டால் ஓடும். இது ஆளைத் தேடி வரும் என்றார் டாக்டர். எங்கே கொண்டுபோய் விட்டாலும் ரோட்டுக்கு வந்து நிற்கும். கார் நிற்கும். சலாம் போடும். உள்ளேயிருந்து ஒரு பிள்ளை கையை நீட்டும். நாங்கள் பழக்கியது இல்லை என்றாலும் அதைப் பழக்கியவர்கள் மனிதர்கள்தான். அதனால் அது சாகும்வரை அந்தக் கூண்டு. இன்றைக்குக் காலையிலும் என்னைக் கண்டு எழுந்து நின்றது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு தீனியைத் தள்ளிவிட்டு வந்தேன்.

மூன்று வருசம் ஆகிவிட்டது. பெரிய கண்டத்தைத் தாண்டிவிட்டோம் என்று டாக்டர் சொல்கிறார். இருந்தாலும் அட்டையை எடுத்துவிடலாமா என்று கேட்டால், "பையிலேயே இருக்கட்டும் அண்ணே, அது என்ன சோறா கேக்குது" என்கிறார்.

உனக்குச் சளி, தடிமன் பிடித்தால்கூட நான் ஏன் உன் விரல்களைத் தொட்டுத் தொட்டு, "இது தெரியுதா, இது தெரியுதா" என்று கேட்கிறேன் என்று இப்போது உனக்குப் புரியும். நீ அதை விளையாட்டு என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு சரியாகச் சொல்வாய். ஒரு தடவை வேண்டுமென்றே தெரியவில்லை என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். அம்மா அன்றைக்கு உன்னை அடித்தாள். நீ அழுதாய், காரணம் தெரியாமல் அழுதாய். அதற்கு அம்மாவை மன்னித்துவிடு.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது நீ பக்கத்தில் படுத்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாய். கையில் தலையை வைத்து ரொம்ப நேரம் படுத்திருந்தாய். எழுந்து கையை உதறி, "அப்பா, கை மரத்துப்போச்சுப்பா, எறும்பு ஓடுது" என்று சிரித்தாய். பையைத் தைக்க ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்தினாள். நானும் எழுதுவதை நிறுத்தினேன். நீ விரல்களை மடக்கி நீட்டி, மடக்கி நீட்டி, பென்சிலை எடுத்தாய். அது ஒரு தடவை கீழே விழுந்தது. மறுபடி எடுத்தாய். நீ அந்த வரியை எழுதி முடிக்கும்வரை நாங்கள் இரண்டு பேரும் உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.